நீர்க்கடுப்பு: மூன்று மருந்துக்கு ‘எஸ்’ வந்தால் எதைச் சாப்பிடுவது?

கேள்வி: பெண், வயது 43. பாம்பனில் இருக்கிறேன், கடல்பாசி எடுக்கப் போகிறேன். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். போன மாதம் நீர்க்கடுப்பு வந்து, மருந்துக்கடையில் சிப்ரோ 500 வாங்கி மூன்று நாள் போட்டேன். குறைந்த மாதிரி இருந்தது. பத்தாம் நாள் மறுபடி எரிச்சல். காய்ச்சலோ விலா வலியோ இல்லை. சிறுநீர் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) ஈ.கோலைக் கிருமி என்று வந்திருக்கிறது. சிப்ரோ, செஃபிக்சிம், கோ-டிரைமாக்சசோல் மூன்றுக்கும் ‘ஆர்’ (கிருமி மசியாது). நைட்ரோஃபியூரன்டாயின் 16, ஃபாஸ்ஃபோமைசின் 16, அமிக்காசின் 2 என்று போட்டு மூன்றுக்கும் ‘எஸ்’ (மருந்து கேட்கும்). கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தச் சோதனை) 0.8. டாக்டர் நைட்ரோஃபியூரன்டாயின் ஐந்து நாளைக்கு எழுதினார். எண் குறைவாக இருக்கிற அமிக்காசின் ஊசிதானே நன்றாகக் கேட்கும்? ஒரே பாக்கெட்டில் முடிகிற பவுடரும் இருக்கிறதாமே?

பதில்: உங்கள் டாக்டர் எழுதியதையே சாப்பிடுங்கள்.

அந்த எண்ணைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் நிறைய. கிருமி வளராமல் நிறுத்த ஒரு மில்லிலிட்டரில் எத்தனை மைக்ரோகிராம் மருந்து வேண்டும் என்பதுதான் அது. ஒவ்வொரு மருந்துக்கும் எல்லை வேறு. ஈ.கோலைக்கு நைட்ரோஃபியூரன்டாயின் 32 வரையும், ஃபாஸ்ஃபோமைசின் 64 வரையும் ‘எஸ்’தான். ஆகவே அமிக்காசினின் 2-ஐ நைட்ரோவின் 16-உடன் ஒப்பிடுவது, நெத்திலிக்கும் சீலாவுக்கும் ஒரே எடைக்கல் வைப்பது போலத்தான். பார்க்க வேண்டியது, மருந்து எங்கே போய்ச் சேர்கிறது என்பதை. நைட்ரோஃபியூரன்டாயின் ரத்தத்தில் அதிகம் தங்காது. சிறுநீரில் செறிந்து இறங்கும். உங்களுக்குக் கிருமி இருப்பது சிறுநீர்ப்பையில். அங்கே அது போதும்.

இதே காரணத்தால் காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாவுக்குக் கீழே முதுகில் வலி, வாந்தி என்று ஏதாவது வந்தால் இந்த மாத்திரையும் உதவாது, பவுடரும் உதவாது. சிறுநீரகத் திசுவுக்குள் போதிய அளவு ஏறாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் ‘விடியட்டும்’ என்று காத்திருக்கக் கூடாது. அமிக்காசின் போன்ற ஊசி மருந்துக்கு வேலை அங்கேதான், அல்லது வாயால் சாப்பிடும் மருந்து எதுவுமே கேட்காதபோது. சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கக்கூடிய மருந்து அது. எரிச்சல் மட்டும் இருக்கிற உங்களுக்கு எதற்கு?

பவுடர் என்பது ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம். அரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும், வெந்நீர் கூடாது. இரவு சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பாட்டுக்கு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துக் குடித்துப் படுத்தால் மருந்து சிறுநீர்ப்பையில் நெடுநேரம் தங்கும். சிலருக்கு வயிற்றுப்போக்கு வரும். நல்ல மருந்துதான், ஒரு வேளையோடு முடிவது பெரிய வசதி. ஆனால் 2018-இல் சுவிட்சர்லாந்து, போலந்து, இஸ்ரேலில் 513 பெண்களிடம் இரண்டையும் ஒப்பிட்டபோது, 28-ஆம் நாளில் முழுக்கக் குணமாகியிருந்தவர்கள் நைட்ரோ சாப்பிட்டவர்களில் 70 சதவீதம், பவுடர் குடித்தவர்களில் 58. நைட்ரோ ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பவுடரை வைத்துக்கொள்வோம்.

இனி மாத்திரை. அட்டையில் ‘எஸ்.ஆர். 100’ (மெல்ல மெல்லக் கரையும் வகை) என்று இருந்தால் காலை, இரவு என இரு வேளை. எஸ்.ஆர். இல்லாத சாதாரண வகைக்கு நாளுக்கு நான்கு வேளை. கடையில் மாற்றிக் கொடுத்துவிட்டால் கணக்கே தவறிவிடும், வாங்கும்போதே படித்துப் பாருங்கள். சாப்பாட்டோடு விழுங்குங்கள், குமட்டல் குறையும், மருந்தும் நன்றாக உடம்பில் ஏறும். சிறுநீர் அடர் மஞ்சளாகவோ பழுப்பாகவோ போகும், பயம் வேண்டாம். எரிச்சலுக்கென்று கடையில் தரும் சிட்ரேட் சிரப்பைக் கூடச் சேர்க்காதீர்கள். அது சிறுநீரின் அமிலத்தைக் குறைக்கும். நைட்ரோ நன்றாக வேலை செய்வது அமிலச் சிறுநீரில். மெக்னீசியம் டிரைசிலிகேட் கலந்த அல்சர் மருந்தும் வேண்டாம், அது மாத்திரை உடம்பில் ஏறுவதைக் குறைக்கும். சர்க்கரை ஏறியிருந்தால் டாக்டர் ஐந்து நாளை ஏழாக்கலாம், அவரிடம் கேளுங்கள். வறட்டு இருமல், மூச்சு வாங்கல், கால் மரமரப்பு புதிதாக வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

கிரியாட்டினின் 0.8 என்பதால் உங்களுக்குத் தடையில்லை. ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) 45-க்குக் கீழே உள்ளவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள், ஜி6பி.டி. (ரத்தச் சிவப்பணுவைக் காக்கும் நொதி) குறைபாடு உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். வீட்டு ஆண்களுக்கு நீர்க்கடுப்பு வந்தால் மிச்ச மாத்திரையைக் கொடுக்காதீர்கள், ஆண்களுக்கு உள்ள புராஸ்டேட் சுரப்பிக்குள் இது போகாது.

சிப்ரோ ஏன் கேட்கவில்லை? மூன்று நாள் போதாமல் அல்ல. அந்தக் கிருமிக்கு அது பழகிப்போன மருந்து. சிறுநீரில் மருந்து நிறைய இருப்பதால் கிருமியின் எண்ணிக்கை கொஞ்சம் குறைந்து எரிச்சல் அடங்கியது. நிறுத்தியதும் மிச்சம் பெருகியது. நம் நாட்டில் ஈ.கோலை சிப்ரோவுக்கு மசியாதது இப்போது சாதாரணம். சிப்ரோ சர்க்கரையையும் ஏற்றி இறக்கும், தசைநாரையும் கெடுக்கும். 2016-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, வேறு மருந்து இருக்கும்போது சாதாரண நீர்க்கடுப்புக்கு இதைத் தர வேண்டாம் என்று சொல்லிவிட்டது. செஃபிக்சிமுக்கு ‘ஆர்’ என்பதைப் பார்த்தும் கலங்க வேண்டாம், நைட்ரோ வேறு வழியில் தாக்கும் மருந்து.

‘சூட்டினால் வருகிறது’ என்று ஊரில் சொல்வதில் பாதி உண்மை. சூடு கிருமியைக் கொண்டுவராது. ஆனால் வேர்த்து வடிந்து, காலையில் கடலில் இறங்கினால் மதியம் வரை நீர் குடிக்காமலும் ஒன்றுக்குப் போகாமலும் இருந்தால் கிருமியைக் கழுவி வெளியேற்ற ஆளில்லை. நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடித்த, அடிக்கடி இந்தத் தொந்தரவு வரும் பெண்கள் கூடுதலாக ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்தபோது, ஓராண்டில் அது வந்தது சராசரி 1.7 தடவை; குடிக்காதவர்களுக்கு 3.2. லாரித் தண்ணீரை அளந்து வாங்கும் வீட்டில் இது சுலபமில்லைதான். வள்ளத்தில் ஒன்றரை லிட்டர் பாட்டில் ஒன்றைத் தனியாக உங்களுக்கென்று வையுங்கள். கரைக்கு வந்ததும் முதல் வேலை சிறுநீர் கழிப்பது. பதநீர் உங்களுக்கு வேண்டாம், சர்க்கரையை ஏற்றும்.

மூன்று நாளில் எரிச்சல் குறையாவிட்டாலோ, இரண்டு வாரத்துக்குள் திரும்பினாலோ, புதிய கல்ச்சரும் வயிற்று ஸ்கேனும் தேவை: கல் இருக்கிறதா, கழித்த பிறகும் நீர் தேங்குகிறதா என்று பார்க்க. மாதிரி எடுக்கும்போது கழுவிவிட்டு, முதல் நீரை விட்டு நடு நீரைப் பிடியுங்கள். மாத்திரை தொடங்கும் முன்பே எடுக்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்விட வேண்டும். தங்கச்சிமடத்தில் கொடுத்து ராமநாதபுரம் போகிற மாதிரியாக இருந்தால் ஐஸ் பெட்டியில் அனுப்பச் சொல்லுங்கள்; வெயிலில் கிடந்தால் பாட்டிலுக்குள்ளேயே கிருமி பெருகி ரிப்போர்ட் பொய் சொல்லும். எரிச்சல் முழுதாகப் போய்விட்டால் மறு கல்ச்சர் வேண்டியதில்லை.