கழியில் கயாக் மீன்பிடி: திரும்பி வரும் தண்ணீரை முதலில் பாருங்கள்

கேள்வி: புதிதாக ஒரு கயாக் வாங்கியிருக்கிறேன். போன மாதம் முட்டுக்காடு உப்பங்கழியில் காலை ஆறு மணிக்கு இறங்கினேன். தண்ணீரோடு சுலபமாக உள்ளே போய்விட்டேன். பத்தரை மணிக்குத் திரும்பினால், துடுப்பு போடப் போட நின்ற இடத்திலேயே நிற்கிறேன். கரையேற இரண்டு மணி நேரம் ஆனது. மீனும் இல்லை, இரண்டு கீச்சானைத் தவிர. கடல் ஏறி வற்றும் நேரம் சொல்லும் ஓதப் பட்டியலில் எந்த நேரம் பார்த்துப் போக வேண்டும்? (மேடவாக்கம் வாசகர்)

நீங்கள் ஏற்றத்தில், அதாவது கடல் தண்ணீர் கழிக்குள் ஏறும் நேரத்தில், உள்ளே போயிருக்கிறீர்கள். திரும்பும்போதும் ஏற்றம் முடியவில்லை. அதற்குள் கடற்காற்றும் கிளம்பி முகத்தில் அடித்திருக்கிறது. தண்ணீர், காற்று இரண்டுமே உங்களுக்கு எதிராக நின்ற காலை அது. கை வலுவில் குறை ஒன்றும் இல்லை.

சென்னைக் கரையில் கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றும். ஏற ஆறு மணி நேரம், வற்ற ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர்மட்ட வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுக்கு இருக்கும். அஷ்டமியை ஒட்டி 40 சென்டிமீட்டர்தான். இந்தத் தண்ணீர் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. ஆறு மணி நேரத்தில் நடு இரண்டு மணி நேரத்திலேயே பாதித் தண்ணீர் போய்விடும். கயாக்கை இழுப்பது அந்த நேரம்தான்.

உங்களுக்கு நான் சொல்லும் காலை இது: விடியும்போது ஏற்றம் முடிந்து தண்ணீர் நிற்க வேண்டும். நின்ற தண்ணீரில் உள்ளே போங்கள். வற்றம் தொடங்கியதும் மீன் பிடியுங்கள். ஒன்பதரைக்குள் வற்றத்தோடு திரும்புங்கள். கோடையில் பத்து, பதினொன்றுக்கு மேல் கடற்காற்று ஏறிவிடும்.

ஆனால் பட்டியலை மட்டும் நம்பாதீர்கள். அது துறைமுகத்துக்குக் கணக்கிட்டது. கழிக்குள் ஏற்றம் தாமதமாக வரும், அளவும் குறையும். அதைவிட முக்கியம், முகத்துவாரம். வடகிழக்குப் பருவமழை வெள்ளம் வெட்டித் திறந்த வாயை, மழை ஓய்ந்த மாதங்களில் அலை மணல் போட்டு மூடிக்கொண்டே வரும். முழுக்க மூடிவிட்டால் உள்ளே ஏற்றமும் இல்லை, வற்றமும் இல்லை. பட்டியலில் என்ன எழுதியிருந்தாலும் சரி, அது ஏரித் தண்ணீர்தான். அதனால் கயாக்கை வண்டியிலிருந்து இறக்குவதற்கு முன் பாலத்தில் நின்று முகத்துவாரத்தைப் பாருங்கள். அப்புறம் கரைக்கு வந்து, தண்ணீர் விளிம்பில் ஒரு சவுக்குக் குச்சியைச் சேற்றில் குத்துங்கள். கயாக்கில் சாமான்களைக் கட்டி முடிக்க எப்படியும் 20 நிமிடம் ஆகும். திரும்பி வரும்போது குச்சியைச் சுற்றி ஈரச் சேறு தெரிந்தால் வற்றம். குச்சி தண்ணீருக்குள் நின்றால் ஏற்றம். நான் இன்றுவரை இதைச் செய்யாமல் இறங்குவதில்லை.

வற்றத்தில் ஏன் மீன்? சிறு ஓடைகளிலிருந்து வடியும் தண்ணீரோடு இறாலும் மடவைக் குஞ்சும் வெளியே வரும். ஓடை வாயில், ஓட்டத்துக்கு முகம் காட்டி, ஒரு கல்லுக்கோ தூணுக்கோ பின்னால் கொடுவா காத்திருக்கும். ஓடைக்குள்ளிருந்து வெளியே வருவதுபோல லூரை (செயற்கை இரையை) இழுங்கள். எதிர்த் திசையில் இழுத்தால் பெரும்பாலும் திரும்பிப் பார்க்காது. வற்றத்தின் கடைசி ஒரு மணி நேரம் மிக நல்லது. ஆனால் அது கடற்காற்று நேரத்தில் விழுந்தால் விட்டுவிடுங்கள். இன்னொன்று, கொடுவாவில் சிறியவை ஆண், வளர்ந்த பிறகுதான் பெண்ணாக மாறும். பெரியது கிடைத்தால் தண்ணீரிலேயே தூண்டிலைக் கழற்றி விடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்த மீனை 1997-இல் இந்தியாவில் முதன்முதலாகப் பண்ணையில் குஞ்சு பொரிக்க வைத்தது சென்னையின் உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம். அதன் பொரிப்பகம் இருப்பதும் இதே முட்டுக்காட்டில்தான்.

இனி ஆபத்து. வற்றத்தோடு திரும்புவதில் ஒரு சிக்கல் உண்டு: அது கரையோடு நிற்காது, உங்களைக் கடலுக்குக் கொண்டுபோகும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை விடியற்காலையிலேயே மேற்கிலிருந்து மேல்காற்று அடிக்கும். கடற்காற்று மதியத்துக்கு மேல்தான். ஒரு ஜூலை மாதம், வற்றமும் மேல்காற்றும் சேர்ந்து என்னைப் பாலத்துக்கு அப்பால் தள்ளிவிட்டன. பாலத் தூண்களுக்கு நடுவே தண்ணீர் நெருக்கிக்கொண்டு பாய்கிறது. முன்னால் முகத்துவாரத்தில் அலை வெள்ளையாக உடைகிறது. கயாக்கை விட்டுக் குதித்து, இடுப்பளவுத் தண்ணீரில் மணல் திட்டைப் பிடித்து நின்றேன். உயிர்க்கவசம் போட்டிருந்தேன். அந்த நாளிலிருந்து, பாலத்துக்கு நன்றாக முன்னாலேயே ஒரு மரத்தையோ கம்பத்தையோ அடையாளம் வைத்து, அங்கே கரை ஏறிவிடுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைத் தண்ணீர் ஒரே திசையில் கடலுக்கு ஓடும்போது இறங்கவே வேண்டாம்.

நங்கூரத்தைக் கயாக்கின் முனையில் மட்டும் கட்டுங்கள். பக்கவாட்டில் கட்டினால் ஓட்டம் கவிழ்த்துவிடும். கயிற்றை அறுக்க ஒரு கத்தி கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். காலுக்குச் செருப்பு அவசியம். ஆளிச் சிப்பி பிளேடு மாதிரி கிழிக்கும்.

கழியில் இருளர் பெண்கள் மார்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, ஓலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பதைப் பார்ப்பீர்கள். அவர்களுக்கு அது அன்றைய கூலி. அவர்கள் இருக்கும் ஓடைக்குள் நுழையாமல், தள்ளி, மெதுவாகச் சுற்றிப் போங்கள்.

அடுத்த மூன்று, நான்கு முறை, அஷ்டமி கழிந்த ஓரிரு நாளில் போங்கள். ஓட்டம் மெதுவாக இருக்கும், பழகலாம். மீன் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. கழி கைக்குப் பழகிய பிறகு அமாவாசைத் தண்ணீருக்கு வரலாம்.