ஒரே கம்பெனி, ரெண்டு செடான் – வாசகர் கடிதம்

வணக்கம் சார்,

லெக்ஸஸ்ல ஒரு வண்டி எடுக்கணும்னு முடிவு பண்ணிட்டேன், யூஸ்டு தான், 2021 மாடல் பாத்துட்டு இருக்கேன். ஈஎஸ் 350யா ஐஎஸ் 350யாங்கறதுல தான் வீட்ல பிரச்சினை. எனக்கு வண்டி ஓட்டறதுன்னா உயிர், அதனால ஐஎஸ். மனைவி ஈஎஸ் தான்னு ஒத்தக்கால்ல நிக்கறாங்க, காரணம் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் முட்டி வலி, வாரக்கடைசில அவங்களையும் கூட்டிட்டு தான் எங்கயும் போவோம். ரெண்டுமே ஒரே கம்பெனி, ரெண்டுலயும் அதே 3.5 லிட்டர் வி6 (ஆறு சிலிண்டர்) எஞ்சின், அப்ப வித்தியாசம்னு சொல்றதெல்லாம் வெறும் சஸ்பென்ஷன் செட்டிங் தானே? ஈஎஸ்லயே எஃப் ஸ்போர்ட்னு வர ஸ்போர்ட்டி வேரியன்ட்டை எடுத்து ஸ்போர்ட் மோட்ல போட்டுட்டா ரெண்டு பேர் ஆசையும் தீர்ந்துடும்னு நினைக்கறேன். உங்க கருத்து என்ன? ஹைபிரிட் பத்தியும் ரெண்டு வார்த்தை சொல்லுங்க.

அன்புடன்,
கே.

அன்புள்ள கே,

தீராது. நீங்க சொல்ற மூணு வண்டில நான் முதல்ல அடிக்கறதே அந்த ஈஎஸ் எஃப் ஸ்போர்ட்டை தான். ஏன்னு சொல்றதுக்கு கொஞ்சம் சுத்தி வரணும், பொறுத்துக்கோங்க.

"அதே எஞ்சின்"னு எழுதிருக்கீங்க. உண்மை தான், ரெண்டுலயும் ஒரே குடும்பத்து 3.5 லிட்டர் வி6, ஈஎஸ்ல 302 ஹார்ஸ்பவர், ஐஎஸ்ல 311, ரெண்டுக்கும் 8 ஸ்பீட் ஆட்டோமேடிக். ஆனா ஈஎஸ்ல அந்த எஞ்சின் பானெட்டுக்குள்ள குறுக்கால படுத்திருக்கு, பக்கத்துலயே கியர்பாக்ஸ், இழுக்கறது முன் சக்கரம். ஐஎஸ்ல அதே எஞ்சின் நெடுக்கால நிக்குது, கியர்பாக்ஸ் அதுக்குப் பின்னாடி கேபினுக்குள்ள நீட்டிட்டு வருது, அங்கேருந்து ஒரு ஷாஃப்ட் நடுவுல ஓடி பின்னாடி டிஃபரன்ஷியலுக்கு (ரெண்டு பக்க சக்கரத்துக்கும் பவரைப் பிரிச்சுத் தர கியர்) போய் பின் சக்கரத்தைத் தள்ளுது. இது எந்த பட்டனாலயும் மாத்த முடியாத விஷயம், வண்டிய பேப்பர்ல வரையறப்பவே முடிவாயிடுது, மத்த எல்லாமே இதுலேருந்து தான் வருது.

ஸ்பெக் ஷீட்டை எடுத்து வச்சுப் பாருங்க, எனக்கு ரொம்ப பிடிச்ச கணக்கு இது. ஈஎஸ் வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல உள்ள தூரம், 2870 மில்லிமீட்டர், ஐஎஸ் 2800. வெறும் 70 மில்லிமீட்டர் வித்தியாசம், மூணு இன்ச் கூட இல்ல. ஆனா பின் சீட்டு லெக் ரூம் ஈஎஸ்ல 39.2 இன்ச், ஐஎஸ்ல 32.2 இன்ச், முழுசா ஏழு இன்ச் கம்மி. அந்த மிச்ச இடம் எங்க போச்சுன்னா, ஒரு பகுதிய நீளமா நிக்கற எஞ்சினும் கியர்பாக்ஸும் தின்னுடுச்சு, இன்னொரு பகுதி முன் சீட்டுக்குப் போயிடுச்சு: முன் லெக் ரூம் ஐஎஸ்ல 44.8, ஈஎஸ்ல 42.4. சின்ன வண்டில முன்னாடி அதிக இடம், பெரிய வண்டில முன்னாடி கம்மி இடம்! யாரை மனசுல வச்சு எந்த வண்டிய செஞ்சாங்கன்னு இதைவிட தெளிவா எந்த விளம்பரமும் சொல்லாது. ஐஎஸ் ஓட்டறவனுக்கான வண்டி, பின்னாடி உக்காரறவங்களுக்கு மிச்சம் மீதி தான். அதோட நடுவுல ஷாஃப்ட் போறதுக்காக தரைல ஒரு மேடு வேற, மூணாவது ஆள் ரெண்டு காலையும் ரெண்டு பக்கமும் விரிச்சு வச்சுட்டு தான் உக்காரணும்.

சரி, இடத்தை எல்லாம் விட்டுக்கொடுத்து அந்த அமைப்பு என்ன தருது? வேகமா கிளம்பறப்ப வண்டியோட பாரம் பின்னாடி சாயும், முன் டயர்மேல அழுத்தம் குறையும், பின் டயர்ல ஏறும். ஃப்ரண்ட் வீல் டிரைவ்ல எந்த டயர் இழுக்கணுமோ அதோட பிடி தான் அந்த நேரத்துல குறையுது, அது போதாதுன்னு அதே டயர் தான் திருப்பவும் செய்யணும், 300 ஹார்ஸ்பவர அதுங்க தலைல ஏத்துனா ஸ்டியரிங் கைல லேசா இழுக்கும், வளைவுல பெடலை மிதிச்சா வண்டி வெளிப்பக்கமா அகலும். ஐஎஸ்ல முன் டயருக்கு திருப்பற வேலை மட்டும் தான், தள்ளறத பின்னாடி பாத்துக்கும். எடை ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணு தான், பவர் வித்தியாசம் 9 ஹார்ஸ்பவர் தான், இருந்தும் நின்ன இடத்துலேருந்து 60 மைல் வேகம் தொட ஈஎஸ்க்கு 6.6 செகண்ட், ஐஎஸ்க்கு 5.6, கம்பெனியே சொல்ற கணக்கு. அந்த ஒரு செகண்ட் பெருசில்ல, விட்டுடுங்க. நீங்க தேடறது வளைவுக்குள்ள ஸ்டியரிங் கையோட பேசற அந்த உணர்வு, அது செகண்ட் கணக்குல வராது.

இன்னொண்ணு, ஐஎஸ்ஸோட அடிப்படை 2013-ல வந்தது தான், ஆனா 2021 மாடலுக்கு அதை உக்காந்து இழைச்சிருக்காங்க, வீலை மாட்டற பழைய ஸ்டட்டு-நட்டு முறைய எடுத்துட்டு போல்ட்டா மாத்தற அளவுக்குப் போயிருக்காங்க, கொஞ்சம் எடை குறையும், பிடிப்பு இன்னும் இறுக்கமாகும்னு. பின்சீட்டுல தூங்கறவருக்கு இது தெரியவே தெரியாது, ஆனா ஓட்டறவனுக்கு உதவும்னு ஒருத்தர் அதுக்காக மெனக்கெட்டிருக்கார் பாருங்க.

ஒரே கம்பெனி எதுக்கு இப்படி ரெண்டு வண்டி வச்சிருக்குன்னா, 1989-ல லெக்ஸஸ் ஆரம்பிச்சப்ப பெரிய எல்எஸ் 400 பக்கத்துல நிறுத்த இன்னொரு வண்டி வேணும்னு டொயோட்டா கேம்ரி குடும்பத்துலேருந்து ஈஎஸ் 250ய எடுத்துட்டு வந்தாங்க. அப்புறம் 1993-ல ஜிஎஸ், ரியர் வீல் டிரைவ். 90கள் முடியறப்ப பிஎம்டபிள்யூ 3 சீரிஸை குறி வச்சு ஐஎஸ். இதுல பாவம் ஜிஎஸ் தான், ஈஎஸ் அளவுக்கு பெருசு, ஐஎஸ் மாதிரி ரியர் வீல் டிரைவ், நீங்க கேக்கற "ரெண்டும் ஒரே வண்டில" அதுதான் ஏறக்குறைய, ஜிஎஸ் எஃப்னு 5 லிட்டர் வி8 போட்டு 467 ஹார்ஸ்பவர்ல கூட விட்டாங்க, 2020-ல கடைய மூடிட்டாங்க. செடான்ல கம்பெனிக்கு அதிகம் வித்துக் குடுத்தது பெரும்பாலும் கேம்ரி ரத்தம் ஓடற ஈஎஸ் தான். ஓட்டறதுல ஜிஎஸ் ரசிகர்கள் ஈஎஸ்ஸை என்ன கேலி பண்ணாலும், சொகுசு காருக்கு காசு குடுக்கறவங்கள்ல பெரும்பாலானவங்க பின் சக்கரம் தள்ளுதா முன் சக்கரம் இழுக்குதான்னு பாத்து வாங்கல, அமைதியா இருக்கா, கால் நீட்ட முடியுதான்னு பாத்து வாங்கறாங்க. அதுல எனக்கு எந்த கேவலமும் தெரியல.

இப்ப சொகுசுக்கு வரேன். ஸ்பிரிங் மேல உக்காந்திருக்க வண்டி ஒரு செகண்டுக்கு சுமார் ஒரு தடவை மெதுவா ஏறி இறங்குனா உடம்பு அதை சகிச்சுக்கும், சொகுசு வண்டிகளை அந்தப் பக்கம் தான் வைப்பாங்க, ஸ்போர்ட் வண்டில ஸ்பிரிங் கெட்டியாகறதால அந்த எண்ணிக்கை ஒன்றரை, ரெண்டுன்னு ஏறும். நம்ம உடம்புக்கு மேலும் கீழுமா வர அதிர்வுல ரொம்ப ஆகாதது செகண்டுக்கு 4லேருந்து 8 தடவை வரது. முதுகுல, வயித்துல போய் இறங்கறது இந்த அதிர்வு தான், வயசானவங்க "ரோடு தூக்கித் தூக்கிப் போடுது"ன்னு சொல்றப்ப பாதி நேரம் அவங்க சொல்றது இதைத் தான்.

அதைத் தாண்டி ரோட்டோட சின்னச் சின்ன வெடிப்பு, கல்லு இதையெல்லாம் முதல்ல வாங்கிக்கறது ஷாக் அப்சார்பர் கூட இல்ல, டயர். டயரோட சைடுவால், அதாவது பக்கச் சுவர், தான் முதல் மெத்தை. ஈஎஸ்ல சாதாரண வேரியன்ட்டுக்கு 215/55 17 இன்ச் டயர், அதாவது அகலம் 215 மில்லிமீட்டர், அதுல 55 சதவீதம் சைடுவால் உயரம், 118 மில்லிமீட்டர். 18 இன்ச் வீல் போட்டா 235/45, சைடுவால் 106. ஈஎஸ் எஃப் ஸ்போர்ட்ல 235/40 19 இன்ச், 94 மில்லிமீட்டர். ஐஎஸ் 350 எஃப் ஸ்போர்ட் முன் டயர் என்னன்னு நினைக்கறீங்க? அதே 235/40 19. அதாவது கே, நீங்க எடுக்கலாம்னு சொல்ற அந்த வண்டில ஐஎஸ்ஸோட மெல்லிசு டயர் வந்துடுச்சு, ஐஎஸ்ஸோட எஞ்சின் நிக்கற விதமோ பின்னாலேருந்து தள்ளறதோ வரல. ஈஎஸ்ஸோட முதல் மெத்தைல 24 மில்லிமீட்டரை செதுக்கி எடுத்துட்டு பதிலுக்கு கருப்பு கிரில்லும் சைடு தாங்கற சீட்டும் குடுத்திருக்காங்க. பாக்க நல்லா இருக்கும், மறுக்கல.

ஸ்போர்ட் மோட் பட்டன் என்ன பண்ணும்னா, பெடலை லேசா தொட்டாலே எஞ்சின் அதிகமா பதில் சொல்லும், கியர் மாறறத தள்ளிப் போடும், ஸ்டியரிங்கை கொஞ்சம் கனமாக்கும், அடாப்டிவ் சஸ்பென்ஷன் (ஷாக்கோட இறுக்கத்தை தானே மாத்திக்கறது) இருந்தா ஷாக்கை இறுக்கும். ஸ்பிரிங் மாறாது, டயர் மாறாது, பாரம் எங்க உக்காந்திருக்கோ அங்கயே தான் இருக்கும். கனமான ஸ்டியரிங்கும் பேசற ஸ்டியரிங்கும் வேற வேற, கம்பெனிகள் இந்த ரெண்டையும் ஒண்ணுன்னு நம்மள நம்ப வைக்கப் பாக்கறாங்க.

அமெரிக்க சொகுசு கார் கம்பெனி கேடிலாக்ல இதுக்கு நல்ல உதாரணம் இருக்கு. காந்தப் புலத்தால எண்ணெயோட கெட்டித்தன்மைய மாத்தற மேக்னெட்டிக் ரைடு ஷாக், 2002-லயே அவங்க செவில் எஸ்டிஎஸ்ல வந்துடுச்சு, பிற்பாடு பெரிய சொகுசு செடான் எக்ஸ்டிஎஸ்லயும் அது இருந்துச்சு, ஸ்போர்ட் செடான் சிடிஎஸ்லயும் கிடைச்சுது. ஒரே தொழில்நுட்பம். ஆனா எக்ஸ்டிஎஸ் முன் சக்கர வண்டி, பின்னாடி 40 இன்ச் லெக் ரூம், சிடிஎஸ் பின் சக்கர வண்டி, 35.4 இன்ச். ஷாக் எவ்ளோ புத்திசாலியா இருந்தாலும் எக்ஸ்டிஎஸ்ஸை சிடிஎஸ்ஸா மாத்தல, சிடிஎஸ் பின்சீட்டுக்கு இடத்தையும் வரவைக்கல.

இதையெல்லாம் படிச்சுட்டு ஐஎஸ் கட்டாந்தரைல உக்காந்த மாதிரி இருக்கும்னு நினைச்சுடாதீங்க, முன் சீட்டுல உக்காந்தா நல்ல சொகுசான வண்டி தான், நீண்ட தூரம் ஓட்டிட்டு அலுப்பில்லாம இறங்கலாம். பிரச்சினை பின்னாடி தான். முட்டி வலிக்காரங்களுக்கு குலுக்கலைவிட பெரிய தொந்தரவு ஏறி இறங்கறது, காலை மடக்கி உள்ள இழுக்கறது. முன் சீட்டுக்கும் கதவுத் தூணுக்கும் நடுவுல பாதத்தைத் திருப்பி எடுக்க இடம் வேணும், ஐஎஸ்ல அது குறுகல்.

அதனால டெஸ்ட் டிரைவுக்கு அப்பா அம்மாவ கூட்டிட்டே போங்க. ஓட்டறதுக்கு முன்னாடி அவங்கள பின்சீட்டுல ஏறி இறங்கி, திரும்ப ஏறச் சொல்லுங்க, முன் சீட்டை உங்க உயரத்துக்கு வச்சுட்டு. பல முடிவுகள் அங்கயே முடிஞ்சுடும். அப்புறம் சேல்ஸ்மேன் நல்ல அகலமான ரோட்டுக்குத் தான் கூட்டிட்டுப் போவார், அங்க எல்லா வண்டியும் நல்லா தான் போகும், நீங்க மோசமான ரோடு ஒண்ணை முன்கூட்டியே பாத்து வச்சுட்டு அதுல முப்பது கிலோமீட்டர் வேகத்துல மெதுவா போங்க, ஒரு தடவை நீங்க ஓட்டி, ஒரு தடவை வேற யாரையாவது ஓட்டச் சொல்லி நீங்க பின்னாடி உக்காந்து. இதை யாரும் பண்றதில்ல, வாங்கற ஆள் பின்சீட்டுல உக்காந்து பாக்கறதே இல்ல, அப்புறம் வீட்ல இருக்கவங்க சொல்றப்ப நம்பறதும் இல்ல.

யூஸ்டுங்கறதால ஒரு விஷயம்: ஐஎஸ் 350 பின் சக்கர மாடல்ல பின் டயர் 265/35, முன் டயரைவிட அகலம், அதனால முன்ன பின்ன மாத்திப் போட்டு தேய்மானத்தை சமப்படுத்த முடியாது. பின் டயர் சீக்கிரம் போகும், வாங்கறப்ப அதோட நிலைமைய முதல்ல பாருங்க, விலை பேச உதவும். ரெண்டு வண்டிலயும் 19 இன்ச் வீலோட விளிம்பைத் தடவிப் பாருங்க, பள்ளத்துல அடிபட்டிருந்தா கைக்குத் தெரியும்.

நீங்க எழுதிருக்கறத வச்சு, எல்லா வாரக்கடைசியும் அவங்க ரெண்டு பேரும் வராங்கன்னா ஈஎஸ், அதுலயும் எஃப் ஸ்போர்ட் இல்லாதது, 17 இன்ச் வீலோட கிடைச்சா இன்னும் நல்லது. மனைவி சொல்றது சரி. எப்பவாவது தான் வராங்க, வாரம் முழுக்க நீங்க தனியா தான் ஓட்டறீங்கன்னா ஐஎஸ்ஸை தைரியமா எடுங்க, அதுக்கு யார்கிட்டயும் மன்னிப்பு கேக்க வேண்டாம். நடுவுல நிக்கற அந்த ஈஎஸ் எஃப் ஸ்போர்ட் மட்டும் வேண்டாம்.

ஹைபிரிட் கேட்டீங்க. ஈஎஸ் 300எச்ல 2.5 லிட்டர் நாலு சிலிண்டர், மோட்டாரோட சேத்து 215 ஹார்ஸ்பவர். அமெரிக்க அரசோட சுற்றுச்சூழல் அமைப்பு இபிஏ தர மைலேஜ் கணக்கை மாத்திப் பாத்தா லிட்டருக்கு சுமார் 18.7 கிலோமீட்டர், ஈஎஸ் 350க்கு 11, ஐஎஸ் 350க்கு பத்துக்கும் கொஞ்சம் கீழ. பேட்டரி பின்சீட்டுக்கு அடில இருக்கறதால டிக்கி இடம் போகல. ஊருக்குள்ள மெதுவா போறப்ப எஞ்சினே நின்னுடும், அந்த அமைதிய 350யால தர முடியாது, ஈஎஸ்ஸோட குணத்துக்கு இது தான் இன்னும் பொருத்தம்னு நான் சொல்லுவேன். ஒரே குறை, பெடலை அழுத்தி மிதிச்சா எஞ்சின் சத்தம் முதல்ல ஏறிடும், வேகம் பின்னாடி வரும், வழக்கமான கியர் மாறற உணர்வு இருக்காது. உங்களை மாதிரி ஓட்டற ஆசை உள்ளவங்களுக்கு அது உறுத்தலாம், ஒரு ஏத்தத்துல நல்லா மிதிச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.