மணலில் நிற்கும் ரிமோட் கார்: இஎஸ்சியை மாற்றும் முன்

வணக்கம் நண்பரே. தார் ரோட்டில் நன்றாக ஓடும் உங்கள் ரிமோட் கன்ட்ரோல் கார் கடற்கரை மணலில் சில நிமிடங்களில் நின்று, ஆறிய பிறகு தானாகவே ஓடுகிறது என்றீர்கள். அப்படியென்றால் இஎஸ்சி, அதாவது மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி, பழுதாகவில்லை. சூடு தாங்காமல் தன்னைக் காத்துக்கொள்ள நிற்கிறது. அவசரப்பட்டுப் புதிது வாங்காதீர்கள்.

மணலில் சக்கரம் புதைவதால் மோட்டார் முழு வேகத்தை எட்டுவதே இல்லை. வேகம் குறைந்தால் மோட்டாருக்குள் உருவாகும் எதிர் மின்னழுத்தமும் குறையும், பேட்டரியிலிருந்து கரண்ட் அதிகமாகப் பாயும். கம்பிச் சுருளில் உண்டாகும் சூடு கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும்: கரண்ட் இரட்டித்தால் சூடு நான்கு மடங்கு. கார் மெதுவாகப் போவதால் காற்றும் படாது. உயரமான புல்லிலும் இதே கதைதான், அதோடு அச்சில் புல் வேறு சுற்றிக்கொள்ளும்.

முதலில் பினியனை (மோட்டார் அச்சில் இருக்கும் சிறிய பல்சக்கரம்) இரண்டு பல் குறைத்துப் பாருங்கள். பெரிய டயர் மாட்டியிருந்தால் அதுவும் கியரை உயர்த்தியதற்குச் சமம், இன்னும் குறைக்க வேண்டியிருக்கும். 3எஸ் லைபோ (மூன்று செல் லித்தியம் பாலிமர் பேட்டரி) போட்டிருந்தால் மணலுக்கு 2எஸ் (இரண்டு செல்) போதும். ஓட்டி நிறுத்தியதும் மோட்டார் வெப்பத்தை அளந்து பாருங்கள். 80 டிகிரி செல்சியஸைத் தாண்ட விடாதீர்கள்.

அப்புறம், ஈர மணல் பக்கம் போகவே வேண்டாம். உப்புத் தண்ணீர் பேரிங்கையும் கனெக்டரையும் சீக்கிரம் அரித்துவிடும். இப்போது எத்தனை பல் பினியன் போட்டிருக்கிறீர்கள்?