வீட்டுக்கல்வி, சபையின் வாலிபர் ஊழியம், ஊர் வாழ்க்கை: இம்மூன்றையும் ஒரு கிறிஸ்தவப் பெற்றோர் எப்படிச் சேர்த்து நடத்துவது?

உங்கள் கேள்வியில் ஊரோ பிள்ளைகளின் வயதோ இல்லை. ஆனாலும் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், நீங்கள் ஒரு தாயாக இருப்பீர்கள் என்றும், பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித் தருகிறீர்கள் என்ற ஒரே காரணத்துக்காகச் சபையார் வாலிபர் ஐக்கியத்தையும் உங்கள் கையில் கொடுத்திருப்பார்கள் என்றும் தோன்றுகிறது. எங்களுக்கு அப்படித்தான் நடந்தது.

நாங்கள் ஏற்காட்டில் இருக்கிறோம். என் கணவர் ஒரு காபித் தோட்ட அலுவலகத்தில் வேலை செய்கிறார். மகளும் மகனும் வீட்டிலேயே படிக்கிறார்கள். 1917இல் தொடங்கிய மான்ஃபோர்ட் பள்ளியைப் போன்ற பெயர்பெற்ற விடுதிப் பள்ளிகளுக்காக வெளியூர்ப் பெற்றோர் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்க்கிற ஊரில், அந்தப் பள்ளிகளின் மணியோசை கேட்கும் தூரத்தில் இருந்துகொண்டு எங்கள் பிள்ளைகளை வீட்டில் வைத்திருப்பது ஏன் என்று கேட்காதவர்கள் குறைவு. தமிழை நன்றாக வாசித்து எழுதிய பிறகே ஆங்கிலப் பாடநூலுக்குப் போக வேண்டும் என்று விரும்பினோம். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் பிள்ளைகளோடு வேதத்தைப் பேசச் சொல்லும் உபாகமம் 6ஆம் அதிகாரத்தை நாங்கள் பெற்றோரின் கடமையாகவே எடுத்துக்கொண்டோம். இதனால் நான் பள்ளிகளை மறுப்பவள் என்று யாரும் எண்ண வேண்டாம். எத்தனையோ எளிய வீடுகளுக்கு முதல் எழுத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தவை மிஷன் பள்ளிகள். என் தாயாரும் அப்படி ஒரு பள்ளியில் படித்தவர்தான்.

நேரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கல்வி நடத்தும் தாயைச் சபை ஓய்வாக இருப்பவளாகவே பார்க்கிறது. பள்ளி ஆசிரியை ஒருவரை வகுப்பு நேரத்தில் கூப்பிட்டு, மரித்தவர் வீட்டு ஜெபத்துக்கு நாற்காலி ஏற்பாடு செய்யச் சொல்ல யாருக்கும் மனம் வராது. என்னிடம் மட்டும், "வீட்டில்தானே இருக்கிறீர்கள்" என்று தொடங்குவார்கள். ஏற்காட்டில் இதற்கு இன்னொரு கிளையும் உண்டு. மே மாதம் வந்தால் சமவெளிச் சபைகள் பலவும் வாலிபர் முகாம் நடத்த மலையேறி வருகின்றன. அதே மாதத்தில் கோடை விழாக் கூட்டமும் சேர்ந்துகொள்வதால் அறை கிடைக்குமா, சமையலுக்கு ஆள் உண்டா, பாலுக்கு யாரிடம் சொல்வது என்று கேட்டு, முன்பின் தெரியாத சபைகளிலிருந்தெல்லாம் பிப்ரவரி முதலே அழைப்புகள் வரும். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் என் மகன் பின்னக் கணக்கின் நடுவில் இருக்கும்போது அந்த அழைப்பை நான் எடுத்தால், படிப்பு என்பது யார் வேண்டுமானாலும் இடையில் நிறுத்தக்கூடிய ஒன்று என்று அவன் கற்றுக்கொள்கிறான்.

ஆகவே காலை 8.30 முதல் 12.30 வரை எங்கள் வீடு பள்ளிக்கூடம் என்று ஆயரிடமும் சபைக் குழுவிடமும் எழுதியே கொடுத்தோம். அந்த நேரத்தில் கைப்பேசி அணைந்திருக்கும். சாவு, விபத்து என்றால் தோட்ட அலுவலகத்தில் என் கணவருக்குச் சொல்லி அனுப்பலாம். வாலிபர் வேலைகள் எல்லாம் சனிக்கிழமை மாலைக்கும் ஞாயிறு ஆராதனைக்குப் பிறகும் என்று ஒதுங்கின. சிலருக்கு இது பெருமையாகப் பட்டது. "ஊழியத்துக்கு நேரம் பார்க்கலாமா" என்று ஒரு மூப்பர் எல்லார் முன்னிலையிலும் கேட்டார். அவருக்கு நான் யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தை நினைவூட்டினேன். ஒருவனாக எல்லாருக்கும் நியாயம் விசாரித்துக் களைத்துப்போகாதே, தகுந்தவர்களோடு பாரத்தைப் பகிர்ந்துகொள் என்று மாமனார் எத்திரோ மோசேக்குச் சொன்ன ஆலோசனையை எல்லாரும் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம். அதற்கு முந்தின நாள் அவர் செய்த காரியத்தைப் பலர் கவனிப்பதில்லை: பிரிந்திருந்த மனைவி சிப்போராளையும் கெர்சோம், எலியேசர் என்ற இரண்டு மகன்களையும் அவர் வனாந்தரத்தில் மோசேயிடம் கொண்டுவந்து சேர்க்கிறார். குடும்பம் கூடாரத்துக்கு வந்தபிறகுதான் ஊழியத்தைப் பகிர்வது பற்றிய பேச்சே தொடங்குகிறது. மூப்பர் அதன்பின் ஒன்றும் சொல்லவில்லை.

ஆண்டுக் கணக்கைப் பள்ளிக் கணக்கோடு ஒட்டி வைக்காதீர்கள். டிசம்பரில் கீத பவனியும் நாடக ஒத்திகையும் இருக்கும். மே மாதத்தில் விடுமுறை வேதாகமப் பள்ளி இருக்கும். இந்த இரண்டு மாதங்களிலும் நாங்கள் பாடத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு, வெளியே போக முடியாத மழை மாதங்களில் ஈடுகட்டுகிறோம். தேர்வுக்கு என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியைத் தேர்ந்துகொண்டோம். 14 வயது நிறைந்தவர்கள் அதில் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். எட்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாவிட்டாலும் போதிய அளவு படித்திருப்பதாக உறுதிமொழி கொடுத்தால் போதும். ஒரு மொழியாவது உள்ளிட்ட ஐந்து பாடங்களில் தேற வேண்டும். தேர்வு ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என ஆண்டுக்கு இருமுறை நடப்பதால், ஊழியத்தில் இருப்பவர்களுக்கு அக்டோபர் தேர்வே ஏற்றது. உயிர்த்தெழுந்த ஞாயிறும் விடுமுறை வேதாகமப் பள்ளியும் அதில் குறுக்கிடாது. ஜூன் மாதத்தில் பதினொன்றாம் வகுப்புக்குப் பள்ளியில் சேர்க்கும் எண்ணம் இருந்தால் மட்டும் ஏப்ரல் தேர்வை எடுங்கள்.

பதிவு செய்யப் போன கல்வி மையத்தில், இந்தப் பெண் எந்தப் பாடத்தில் தோற்றாள் என்றுதான் என் மகளின் முன்பாகவே கேட்டார்கள். திறந்தநிலைப் பள்ளி என்றாலே தோற்றவர்களுக்கானது என்ற எண்ணம் அங்கே வேலை செய்பவர்களிடமே இருப்பது எனக்கு இன்றுவரை வருத்தம்தான். சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துவோரும் உண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று 10ஆம் பிரிவில் சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை எதுவும் இல்லை. வீட்டுக்கல்வியை அது பெயர் சொல்லி ஏற்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. இதை அறிந்தே இறங்குங்கள்.

இனி நான் சொல்லப்போவது நேரப் பங்கீட்டைவிட முக்கியமானது. எங்கள் வாலிபர் கூட்டத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். அரசுப் பள்ளியில் படிப்பவர்கள். காபிப் பழம் பறிக்கும் காலம் நவம்பரில் தொடங்கி ஜனவரி வரை போகும். பறித்த எடைக்குக் கூலி என்பதால், வீட்டில் ஒரு கை கூடினால் வருமானமும் கூடும். ஒன்பதாம் வகுப்புப் படித்த ஒரு பையன் அந்தச் சமயத்தில் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டான். ஊழியக்காரி என்ற முறையில் அவன் வீட்டுக்குப் போனேன். அவனுடைய அம்மா எனக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, "உங்க பிள்ளைங்களே பள்ளிக்கூடம் போறதில்லையேம்மா, இவன் மட்டும் எதுக்குப் போகணும்?" என்று கேட்டார். குதர்க்கமாகக் கேட்கவில்லை, எங்களை மதித்துத்தான் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நான் உண்மையான பதிலைச் சொல்ல வேண்டியிருந்தது. என் பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் இருப்பதற்குப் பின்னால் பட்டம் படித்த ஒரு தாயின் முழுக் காலைப்பொழுதும், கணவரின் மாதச் சம்பளமும், அலமாரி நிறையப் புத்தகங்களும் இருக்கின்றன. அக்கா, இவை உங்களிடம் இருந்தால் நானே உங்களுக்குத் துணை நிற்பேன் என்றேன். உங்கள் மகன் விட்டுவிட்டால் அவனுக்குப் போவது படிப்பு மட்டும் இல்லை என்பதையும் விளக்கினேன். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது; அடுத்த ஆண்டு அது பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில், கல்லூரிக்குப் போகும் அரசுப் பள்ளி மாணவனுக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. என் பிள்ளைகளுக்கு இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது என்றபோதுதான் அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். அவனுடைய வகுப்பாசிரியரும் ஒருமுறை வீட்டுக்கு வந்து பேசினார். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பிறகு அவன் பள்ளிக்குத் திரும்பினான். பத்தாம் வகுப்புக்கும் வந்துவிட்டான்.

அதிலிருந்து இரண்டு காரியங்களில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம். வாலிபர் கூட்டத்தில் வீட்டுக்கல்வியை உயர்த்தி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. யாராவது கேட்டால் பெற்றோரோடு வரச் சொல்கிறோம். படிப்பைக் கைவிடும் எல்லையில் நிற்கிற ஒரு பிள்ளைக்கு நம் வீட்டு முடிவு தவறான தைரியத்தைக் கொடுத்துவிடும். அடுத்து, எங்கள் வீட்டுத் திண்ணையை மாலை நேரப் படிப்புக்குத் திறந்துவிட்டோம். என் மகள் அங்கே சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறாள். மிளகுக் கொடியைச் சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிக் கட்டும் விதத்தை அந்தப் பையன்தான் என் மகனுக்குக் காட்டினான். வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு ஊரார் பழக்கம் இருக்காது என்று நீங்கள் பயந்தால், தனியாக ஒரு வகுப்பு தேட வேண்டியதில்லை. இப்படிப்பட்ட ஒரு திண்ணை போதும்.

ஊர் வாழ்க்கை என்பது சபைச் சுவருக்கு வெளியேயும் இருக்கிறது. மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா நடக்கும் நாட்களில் மலைக்கிராமங்கள் முழுவதும் அங்கே இருக்கும். அந்த நாட்களில் விடுமுறை வேதாகமப் பள்ளி வைப்பதில்லை என்று தீர்மானித்ததற்குச் சிலர் எங்கள் விசுவாசத்தையே சந்தேகித்தார்கள். எங்களுக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்கிற அயல்வீட்டாருக்குரிய மரியாதை அது என்றுதான் நான் பார்க்கிறேன்.

மூன்றில் ஒன்றை விட்டாக வேண்டிய நிலை வந்தால், தலைமைப் பொறுப்பை விடுங்கள். கூட்டத்துக்குப் பிள்ளைகளோடு போவதை விடாதீர்கள். வாலிபர் ஐக்கியத்தை நடத்த இன்னொருவர் கிடைப்பார். உங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல இன்னொருவரைச் சபை அனுப்பாது. மூத்த பிள்ளைக்கு 14 வயது நெருங்குகிறது என்றால் தேர்வுப் பதிவை முதலில் முடித்துவிட்டு, அடுத்த ஆண்டுப் பொறுப்பைப் பற்றி ஆயரிடம் அதன்பிறகு பேசுங்கள்.