ஃபினீசியர் கல்லறைகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஃபினீசியர்கள் இறந்தவர்களை எரித்தார்களா, புதைத்தார்களா? ஒவ்வொரு நூலும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறதே?

பதில்: இன்றைய லெபனான் கரையில் வாழ்ந்த பண்டைய கடல் வணிகர்களான ஃபினீசியர்கள் இரண்டையும் செய்தார்கள். காலத்துக்கும் ஊருக்கும் ஏற்ப வழக்கம் மாறியது. ஒரே இடுகாட்டில் இரண்டும் அருகருகே கிடைப்பதும் உண்டு. கிமு ஆறாம் நூற்றாண்டில் தொடங்கிய பாரசீகர் ஆட்சிக்காலத்தில் உடலை எரிக்காமல் அடக்கம் செய்வது பெருகியது என்றாலும், அதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் ஃபினீசியரின் தீரு (டயர்) நகரத்தார் பெரிதும் எரியூட்டவே செய்தனர் என்பதை அந்நகரத்தின் அல்-பாஸ் இடுகாடு காட்டுகிறது. தீரு அப்போது ஒரு தீவு. இறந்தவர்களை எதிர்க்கரையில் இருந்த அந்த இடுகாட்டுக்குக் கொண்டுவந்தே தகனம் செய்தார்கள்.

அங்கு 1997 முதல் ஸ்பானியத் தொல்லியலாளர் மரியா எவுகேனியா அவுபெத் தலைமையில் நடந்த அகழாய்வில், சடங்கின் படிகளையே வரிசைப்படுத்த முடிந்தது. எரிந்த உடலின் சாம்பலை ஒரு தாழியிலும், பொறுக்கியெடுத்த எலும்புகளை வண்டு வடிவத் தாயத்து போன்ற சொந்தப் பொருட்களுடன் மற்றொரு தாழியிலும் இட்டு, இரண்டையும் சேர்த்துப் புதைப்பது அங்கே அடிக்கடி காணப்படும் முறை. அருகில் இரண்டு குடுவைகளும் குடிப்பதற்கான ஒரு கிண்ணமும் வைக்கப்பட்டன. பிறகு குழிக்குள் தீ மூட்டி, மட்கலங்களை வேண்டுமென்றே உடைத்திருக்கிறார்கள். சில குழிகளின் மேல் நடுகல்லும் நின்றது. செல்வரையும் எளியவரையும் வேறுபடுத்தும் ஆடம்பரம் இங்கு மிகக் குறைவு என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். கடல் வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டிய நகரத்தில் நாம் எதிர்பார்ப்பது இதுவல்ல.

கேள்வி: அரசர்களின் கல்லறைகளில் புதையல் இருந்ததா?

பதில்: இல்லை என்று அரசர்களே எழுதி வைத்தார்கள். மற்றொரு ஃபினீசிய நகரமான சீதோனின் அரசன் தப்னித்தின் கற்பேழையை 1887-இல் ஒட்டோமான் தொல்லியலாளர் ஒஸ்மான் ஹம்தி பே கண்டெடுத்தார். எகிப்தியப் படைத்தலைவர் ஒருவருக்காகச் செய்யப்பட்ட அந்தப் பேழையில் பழைய எகிப்திய எழுத்துகள் அப்படியே இருக்க, கீழே ஃபினீசிய மொழியில், தன்னிடம் வெள்ளியும் இல்லை, பொன்னும் இல்லை, தான் மட்டுமே கிடப்பதாகவும், திறப்பவனுக்குச் சந்ததியும் இறந்தோரிடையே ஓய்விடமும் வாய்க்காது என்றும் பொறித்திருக்கிறார்கள். 1855-இல் கிடைத்து இன்று லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள அவன் மகன் எஷ்முனாசரின் பேழையிலும் இதே எச்சரிக்கை உண்டு.

கேள்வி: கார்தேஜில் குழந்தைகளைப் பலியிட்டது உண்மையா, பகைவர் கட்டிய கதையா?

பதில்: கார்தேஜ், வட ஆப்பிரிக்காவில் ஃபினீசியர் குடியேறி அமைத்த நகரம். பலி நடந்ததாகச் சொல்லப்படும், தோஃபெத் எனப்படும் இடம் அங்கே 1921-இல் வெளிப்பட்டது. எரிந்த பச்சிளங்குழந்தைகளின் எலும்புகளும் ஆட்டுக்குட்டிகளின் எலும்புகளும் கொண்ட தாழிகள் அங்கே ஏராளம். 2010-இல் வெளியான ஓர் ஆய்வு, பற்களை ஆராய்ந்து, அக்குழந்தைகளில் பலர் பிறக்கும் முன்னரோ பிறந்த சில நாட்களிலோ இயற்கையாக இறந்தவர்கள் என்றது. நெருப்பின் வெப்பத்தில் பற்கள் சுருங்குவதால் வயது குறைவாகக் கணிக்கப்பட்டுவிட்டது என்று வேறொரு குழு மறுத்தது.

எலும்புகளை மட்டும் வைத்து இவ்வழக்கு தீராது. அங்குள்ள நடுகற்கள் இறந்தவரின் பெயரைச் சொல்லி அழுவதில்லை. தன் குரலைக் கேட்டதற்காக தானித், பால் ஹமோன் என்ற தெய்வங்களுக்கு நேர்ந்துகொண்டவர் செலுத்தியது இது என்றே சொல்கின்றன. குழந்தைக்குச் செய்த அதே முறையில் ஆட்டுக்குட்டியையும் எரித்துத் தாழியிலிட்டு வைத்திருப்பது, இது வெறும் குழந்தை இடுகாடு என்ற கருத்துக்கு ஒத்துவரவில்லை. ஆகவே பலி நடந்தது என்ற பக்கமே என் மனம் சாய்கிறது; ஆயினும் தாழியில் உள்ள ஒவ்வொரு குழந்தையும் பலியானது என்று சொல்லத் துணியமாட்டேன். கிரேக்க ஆசிரியர் தியோதோரஸ் கிமு 310-இல் நடந்ததாக எழுதும் கூட்டுப்பலிக் காட்சியையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. இத்தகைய இடங்கள் வட ஆப்பிரிக்கா, சிசிலி, சார்டினியா ஆகிய பகுதிகளில் கிடைத்துள்ளன; ஸ்பெயின் கரையில் ஃபினீசியர் குடியேறிய ஊர்களில் எதுவும் உறுதியாகக் கிடைக்கவில்லை என்பதால், ஃபினீசியர் அனைவருக்கும் பொதுவான வழக்கமாக இதைக் கொள்ள இடமில்லை.