கால்வாயால் இணைந்த ஏரிகள்: சிப்பிகள் ஒரே இடத்திலிருந்து வந்தவையா?

கால்வாயால் இணைந்த இரண்டு ஏரிகளிலும் வாழும் வரிக்குதிரைச் சிப்பிகளுக்கு (ஓட்டில் வரிகள் உள்ள சிறிய நன்னீர்ச் சிப்பிகள்) இடையே மரபணு வேறுபாடு ஏறக்குறைய இல்லை, ஆகவே மூலம் ஒன்றுதான் என்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். இவை முட்டையையும் விந்தையும் தண்ணீரிலேயே விடுகின்றன. லார்வாக்கள் வாரக்கணக்கில் நீரோட்டத்தில் மிதக்கின்றன. தனித்தனியே வந்த கூட்டங்கள்கூடக் கால்வாய் வழியே கலந்து, பழைய தடயம் மங்கிவிடும். ஜெர்மனியில் 1992இல் திறக்கப்பட்ட ரைன்–மைன்–டான்யூப் கால்வாய் இரண்டு பெரும் ஆற்றுப் படுகைகளையே இணைத்துவிட்டதே!

கால்வாய்த் தொடர்பே இல்லாத ஏரி ஒன்றிலும் மாதிரி எடுங்கள். அதுவும் இவற்றைப் போலவே இருந்தால் உங்கள் வாதம் வலுக்கும். சிறியதும் பெரியதுமாகச் சேகரியுங்கள். ஒரே அளவுச் சிப்பிகள் ஒரே ஆண்டில் பிறந்தவையாக இருக்கலாம். கோபிக்காமல் சொல்லுங்கள்: பார்க்க இவற்றைப் போலவே இருக்கும் உறவினமான குவாகா சிப்பி எதுவும் உங்கள் மாதிரியில் கலந்துவிடவில்லையே?