அந்தக் கொழுப்புத் துண்டை எடுக்க வேண்டாம்

கேள்வி: சீனாவின் காஷ்கர் நகரச் சந்தையில் ஆட்டுக்கறியைக் கம்பியில் கோத்துச் சுடும் வீடியோ பார்த்தேன். கறிக்கு நடுவே கொழுப்புத் துண்டையும் சேர்த்துக் கோக்கிறார்கள். அதை எடுத்துவிட்டு வீட்டில் செய்தால் உடம்புக்கு நல்லதுதானே?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: எடுத்துவிட்டால் கறி வறண்டு நார் நாராகிவிடும். நீங்கள் பார்த்தது உய்குர் மக்களின் கவாப். சீனாவின் வடமேற்கில் காஷ்கர் இருக்கும் ஷின்ஜியாங் பகுதியில் வாழும், துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழி பேசும் முஸ்லிம்கள் அவர்கள். அந்தப் பக்கத்துச் செம்மறிகளுக்கு வாலடியில் கொழுப்பு திரண்டிருக்கும், அதில் ஒரு துண்டைக் கறிக்கு நடுவே வைத்தால் தணலில் உருகி மற்ற துண்டுகளை நனைத்துக்கொண்டே இருக்கும், தனியாக எண்ணெய் தடவ வேண்டியதில்லை. உப்பு, மிளகாய்த்தூள், சீரகம், அவ்வளவுதான் மசாலா. பெய்ஜிங் தெருக்களுக்கு இந்தச் சுவையை 1980களில் கொண்டுபோனவர்கள் உய்குர் வியாபாரிகள். இதைப் பொத்தாம்பொதுவாகச் 'சீனத் தெருத் தீனி' என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை, பெருமை அவர்களுக்குப் போக வேண்டும்.

சரி, உடம்புக்கு? சமைத்த கறி 100 கிராமில் சுமார் 25 கிராம் புரதம், ஒரு நாள் தேவைக்கு ஏறக்குறையப் போதுமான வைட்டமின் பி12, நல்ல அளவு துத்தநாகம் இருக்கின்றன. கறியில் உள்ள இரும்புச்சத்தைக் கீரையில் உள்ளதைவிட உடல் சுலபமாக எடுத்துக்கொள்ளும், அதனால் ரத்தசோகை உள்ள பெண்களுக்கு இது நல்ல உணவு. கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி, அதில் ஏறக்குறையப் பாதி நிறைவுற்ற கொழுப்பு (ரத்தத்தில் கொலஸ்ட்ராலை ஏற்றும் வகை), இதய நோய் இருப்பவர்கள் அந்தத் துண்டைக் கறியோடு சுட்டுவிட்டு, தின்னாமல் ஒதுக்கலாம்.

எனக்குப் பெரிய கவலை கருகல்தான். கொழுப்பு தணலில் சொட்டி எழும் புகையிலும் கறி கருகும்போதும் புற்றுநோயோடு தொடர்புள்ள வேதிப்பொருள்கள் உண்டாகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் சிவப்பு இறைச்சியையே 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற பிரிவில் வைத்தது. வாரத்துக்குச் சமைத்த கறி 350 முதல் 500 கிராமுக்குள் இருக்கட்டும் என்பது உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியத்தின் அறிவுரை. கரி மேல் சாம்பல் பூத்து, எரியும் தீ அடங்கிய பிறகு கம்பியை வையுங்கள், அடிக்கடி திருப்புங்கள், கருகிய ஓரத்தை வெட்டிவிடுங்கள்.

அப்புறம், நம்மூர் வெள்ளாட்டுக் கறியில் கொழுப்பு குறைவு, கடைக்காரரிடம் கொஞ்சம் கொழுப்பு தனியாகக் கேட்டு வாங்குங்கள். பச்சை வெங்காயமும் எலுமிச்சையும் பக்கத்தில் இருக்கட்டும், எலுமிச்சையின் வைட்டமின் சி இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள உதவும். சீரகத்தைக் கடைசியில் தூவுங்கள், முன்பே போட்டால் கருகிக் கசக்கும்.